நாட்டோடு மாப்பிள்ளை

எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் வேலை பார்த்த இஞ்ஞாசி, இருபத்தெட்டு வயது வரைக்கும் மாத்தளை டவுனைத் தாண்டிப் போனவன் இல்லை. ஒரே ஒரு தடவை கண்டிக்குப் போனான். அது அவனை இந்தியன் என்று எழுதிக்கொடுப்பதற்காக.

அவனுடைய அப்பன் உயிரோடு இருந்த காலத்தில், தோட்டத் தமிழரை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்டபோது, எல்லாரும் போடுகிறார்களே என்று இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டார். குடும்பத்தோடு போட்டார். பிறகு அவர் காலமாகிவிட்டார். விண்ணப்பம் காலமாகவில்லை. எழுபத்து நாலாம் வருசம் அது பலித்து, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இஞ்ஞாசிக்கும் இந்தியப் பாஸ்போட் கிடைத்தது. இங்கேயே பிறந்து, இங்கத்து அட்டைகளுக்கெல்லாம் ரத்தம் கொடுத்தவன், கண்ணால் காணாத ஒரு நாட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான். தோட்டத்தில் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். எதற்கு என்று அவனுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை. நாட்டுப்பற்று என்றெல்லாம் யாரும் எண்ணிவிட வேண்டாம். பற்று வைக்கிற அளவுக்கு நாடு அவனிடம் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை. போ என்று சொன்னார்கள், ஆகவே போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் சாப்பிடு என்று சொன்னால் சாப்பிட மாட்டான், சும்மா விட்டால் சட்டியைக் காலி பண்ணிவிடுவான் என்று அம்மா சொல்வாள். ஆள் வளர்ந்தானே ஒழிய அந்தக் குணம் மாறவில்லை.

ஆனால் பிடிக்கவில்லை என்று சொன்னால் கேட்டுக்கொள்கிற சர்க்கார் கந்தோர் உலகத்தில் எங்கேயும் இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செபஸ்தியன்தான் வழி சொன்னார். “இந்த நாட்டுப் பிரஜாவுரிமை உள்ள பொண்ணு ஒண்ணப் பாத்துக் கட்டிக்க. அவ புருசன்னு சொல்லி விசா எடுக்கலாம். வருசா வருசம் புதுப்பிக்கணும். அவ வேணாமுன்னு சொல்லாத வரைக்கும் ஒன்னைய யாரும் அனுப்ப மாட்டாங்க.”

அப்படிப்பட்ட பெண் அந்தத் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள். பெயர் சவரியம்மா. அவளுடைய அப்பா சூசை பங்களாவில் குசினிக்காரர். பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர், சூசையின் கைப்பக்குவத்தை விட்டுவிட மனமில்லாமல், பேப்பர் எல்லாம் சரிபண்ணி அந்தக் குடும்பத்தை இந்த நாட்டுப் பிரஜைகளாகப் பதிந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சவரியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. முகம் நிறைய அம்மைத் தழும்பு. வாயோ வெட்டுக்கத்தி. அதுவரைக்கும் அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் யாரும் தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் இருந்ததில்லை. எழுபத்து நாலில் மட்டும் அந்த வீட்டுப் பாதையில் புல் முளைக்க நேரம் கிடைக்கவில்லை. பாஸ்போட் கிடைத்த இளந்தாரிகள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அவள் அழகாகத் தெரிந்தாள்.

இஞ்ஞாசி போன அன்று சூசை வாயைத் திறக்கும் முன்னாலேயே சவரியம்மா வெளியே வந்துவிட்டாள்.

“என்னையப் பிடிச்சு வந்தீங்களா, பேப்பரப் பிடிச்சு வந்தீங்களா?”

“பேப்பரத்தாங்க,” என்றான் இஞ்ஞாசி.

“முந்தாநாள் வந்தவரு என் கண்ணு ரொம்ப அழகுன்னாரு.”

அவன் கண்ணைப் பார்த்தான். “கண்ணும் பரவாயில்லீங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தேத்தண்ணி வந்தது. அதில் சீனி போட்டிருந்தது. சீனிக்கு ஊரே அலைந்த காலம் அது. சூசை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மகளுக்குச் சம்மதம் என்று அறிவித்தார்.

மாதா கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் படிக்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை. அர்ச்சியசிஷ்ட இஞ்ஞாசியாரும் சவேரியாரும் மோட்சத்தில்கூட இணைபிரியாத சிநேகிதர்கள் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். மாப்பிள்ளைக்கு அதைவிட விசா எப்போது வரும் என்பதிலேதான் புத்தி இருந்தது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அம்மாவும் அண்ணனும் இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார்கள். மாத்தளை ஸ்டேசனில் அன்று அழாத ஆள் இல்லை. அம்மா சவரியம்மாவின் கையைப் பிடித்து, “இவன் பிடிவாதக்காரன், பாத்துக்க தாயி,” என்றாள். மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் தடவினாள். ரயில் போன பிறகும் இஞ்ஞாசி தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் கேட்டது அவனுக்குக் கிடைத்துவிட்டது. அம்மா போய்விட்டாள்.  வீட்டுக்குப் போகலாமா என்று சவரியம்மா கேட்டபோது, எந்த வீட்டுக்கு என்று அவனுக்கு உடனே விளங்கவில்லை.

அவன் இருந்த லயக் காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே மாமனார் வீட்டுக்கே குடிபோனான். பக்கத்துக் காம்பரா நல்லம்மா வாசலில் நின்று சொன்னாள்: “வீட்டோட மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டிருக்கோம். தம்பி நாட்டோட மாப்பிள்ளை.” அந்தப் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் வேலைக்குப் பேர் போடும் பெரட்டுக்களத்தில் கங்காணியும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

மறு ஜனவரியில் விசாவுக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். கந்தோரில் இரண்டு பக்கமும் வாங்குப் பலகை போட்டு, நடுவில் நடைபாதை விட்டிருந்தது. பார்க்கக் கோயில் மாதிரியே இருந்ததால் இஞ்ஞாசி இடது பக்கம் ஆண்களோடு போய் உட்கார்ந்தான். சவரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வலது பக்கம் உட்கார்ந்தாள். கந்தோர்க்காரர் நரைத்த மனிதர், தாலி கட்டி விசா வாங்கிய மறுமாதமே ஆளுக்கொரு திசையாகப் போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். மனைவி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். இஞ்ஞாசி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

“ஏன் அங்கே இருக்கிறார்?”

“அது பொம்பளைங்க பக்கமுங்க.”

அவர் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். நேற்று ராத்திரி வீட்டில் என்ன சாப்பாடு? சோறும் கருவாட்டுக் குழம்பும் என்றான் இஞ்ஞாசி. ரொட்டி என்றாள் சவரியம்மா. அவர் பேனாவை மூடி வைத்தார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி இரண்டு சாப்பாடு என்றார்.

“சோறுதாங்க! ராத்திரிகூட ரெண்டாந்தரம் வாங்கித் தின்னேன்,” என்று இஞ்ஞாசி அடித்துச் சொன்னான். விசா கைநழுவிப் போகிறதே என்று அவனுக்கு வேர்த்துவிட்டது.

சவரியம்மா தரையைப் பார்த்தாள். “அவங்களுக்குச் சோறுதாங்க ஐயா. எனக்கு ரொட்டி. ஒரு ஆளுக்குத்தான் அரிசி இருந்துச்சு.”

அரிசி கண்ணில் காணக் கிடைக்காத வருசம் அது. தோட்டத்தில் சனம் கீரையையும் கிழங்கையும் தின்று செத்துக்கொண்டிருந்தது. புருசன் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் பெண்சாதி குசினிக்குள் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்பது வழக்கம். உள்ளே என்ன சாப்பிடுகிறாள் என்று எட்டிப்பார்ப்பது வழக்கமில்லை. இவ்வளவு நாளும் தான் இரண்டாந்தரம் கேட்டபோதெல்லாம் எங்கிருந்து சோறு வந்தது என்பது இஞ்ஞாசிக்கு அந்தக் கந்தோரில் வைத்துத்தான் தெரிந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

 கந்தோர்க்காரர் பேனாவைத் திறந்து, சவரியம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். இவர் தொடர்ந்து இந்த நாட்டில் உன்னோடு இருக்க உனக்குச் சம்மதமா?

“சம்மதமுங்க,” என்றாள்.

ஒரு வருசத்துக்கு முத்திரை விழுந்தது.  திரும்பி வருகிற பஸ்ஸில் பாதி வழியில் இஞ்ஞாசி அதட்டலாகச் சொன்னான்: “இனிமே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே சட்டியில சாப்பிடணும்.”

“எதுக்காம்?”

“அடுத்த வருசமும் கேப்பாங்க. ரெண்டு பதில் வரப்படாது.”

அன்றிலிருந்து அவன் என்ன செய்தாலும் விசாவுக்காகத்தான் செய்தான். அவளுடைய சித்தி பெரியம்மா மக்கள் பெயரெல்லாம் பாடமாக்கினான், விசாவுக்காக. அவளுக்குப் பாகற்காய் பிடிக்காது, இடி இடித்தால் பயம், வலது காதில் சீழ் வரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டான், கேட்டால் சொல்ல வேண்டுமே. ஒரு தடவை அவள் காய்ச்சலில் விழுந்தபோது வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தான். “எதுக்கு இப்பிடிப் பதர்றீங்க?” என்றாள் அவள். “நீ செத்துட்டா எனக்கு விசா இல்ல,” என்றான். அவள் காய்ச்சலோடு சிரித்ததில் இருமல் வந்து, கொத்தமல்லித் தண்ணி போர்வையெல்லாம் கொட்டிவிட்டது.

அவளும் சும்மா இல்லை. அவன் கசிப்புக் குடித்துவிட்டு வருகிற நாட்களில் கதவைத் திறந்து ஒரு வார்த்தைதான் சொல்வாள்: “ஜனவரி வரட்டும்.” உள்ளே போன கசிப்பு அந்தச் சொல்லுக்கே இறங்கிவிடும். டிசம்பர் மாதத்தில் எல்கடுவையில் அவனை மாதிரி ஒழுக்கமான புருசன் கிடையாது என்று நல்லம்மா சொல்வாள். விறகு பிளந்திருக்கும், பீலியில் பிடித்த தண்ணி குடத்தில் நிறைந்திருக்கும், கூரைத் தகரத்துக்குத் தார் பூசியிருக்கும்.

பிள்ளைதான் பிறக்கவில்லை. சூசையும் பேரப்பிள்ளை பார்க்காமலே கண்ணை மூடினார். எண்பதாம் வருசம் டிசம்பரில், அத்தனை ஒழுக்கத்தையும் மறந்து, நத்தார்ப் பண்டிகைக் குடியில் இஞ்ஞாசி ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். “பேப்பருக்குக் கட்டினவகிட்ட பேப்பர்தான் கெடைக்கும்.” சொன்ன மறுநிமிசமே வெறி தெளிந்தது. ஆனால் பல்லைத் தாண்டின சொல்லை யார் பிடிக்கிறது? அவள் அழவில்லை, ஜனவரி வரட்டும் என்றும் சொல்லவில்லை.

அதை அடுத்த ஜனவரியில் கந்தோர்க்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சவரியம்மா பதில் சொல்லவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மேசைக்காரரும் பார்த்தார். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு அவள் நின்றாள். தலைமன்னார்க் கப்பல் இஞ்ஞாசியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அப்புறம் அவள், “சம்மதமுங்க,” என்றாள்.

“ஏன் அவ்வளவு நேரம்?” என்றான் வெளியே வந்து.

“யோசிச்சேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“ஒங்களுக்கு இல்ல,” என்றாள்.

எண்பத்து மூன்று ஜூலையில் மாத்தளை எரிந்தபோது, இரண்டாம் நாள் தோட்டத்துக்கும் தமிழரை அடிக்க ஆட்கள் வந்தார்கள். பிரஜையா, பிரஜை இல்லையா, விசா எந்தத் தேதி வரைக்கும் என்று வந்தவர்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்த ஒரு விசயத்தில் அவர்கள் பாகுபாடு பார்க்காதவர்கள். கீழ்லயம் முழுக்க எரிந்தது. ரோட்டோரத்தில் சாமான் கடை வைத்திருந்த மக்கீன் நாநாதான் இவர்கள் இருவரையும் பின்வாசலால் இழுத்து, மிளகு மூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளிப் பூட்டினார். வெளியே சத்தம் கடையைத் தாண்டிப் போகிற நேரம் பார்த்துச் சவரியம்மாவுக்குத் தும்மல் வந்தது. இஞ்ஞாசி பாய்ந்து அவள் மூக்கைப் பிடித்தான். அடுத்து அவனுக்கு வரப்பார்த்தது. அவள் அவனுடைய மூக்கைப் பிடித்தாள். சத்தம் ஓயும் வரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் மூக்கை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார்கள். மக்கீன் நாநாவின் மனைவி றாபியா கதவைத் திறந்தபோது அழுகிறார்கள் என்று நினைத்துத் தானும் அழுதாள். அதில் பிழையும் இல்லை.

திரும்பிப் போனபோது அவர்களுடைய காம்பராவில் கதவைத் தவிர மற்றதெல்லாம் போயிருந்தது. “வாங்க, போயிருவோம். மடியில ஒங்க பாஸ்போட்டு இருக்குல்ல, ஒங்க பொண்டாட்டின்னு நானும் வந்துர்றேன்,” என்றாள் சவரியம்மா. அவள் பிறந்த மண், அவளுடைய பிரஜாவுரிமை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வரத் தயாராகத்தான் சொன்னாள். இஞ்ஞாசி எரிந்த கூரையைப் பார்த்தான். “போகச் சொல்லி நெருப்பு வைக்கிறானுங்க. அதுக்காகவே போக மாட்டேன்.”  விளக்குமாறு எரிந்துபோனதால் அவள் ஒரு கட்டு சுள்ளியை எடுத்துச் சாம்பலைக் கூட்டத் தொடங்கினாள்.

மறுவருசம் கப்பலும் நின்றுவிட்டது. அம்மா அண்ணனோடு குடியிருந்த கோத்தகிரியில் இறந்த செய்தி அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று யாருக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இஞ்ஞாசி கோயிலில் ஒரு பூசைக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டோரின் பின்பக்கம் நின்று வாய்விட்டு அழுதான். அந்த அழுகையை விசாவுக்காக என்று அவனால் சொல்ல முடியவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருசம் ஜனவரியில் கந்தோரில் புதிதாக ஒரு பெண்பிள்ளை இருந்தாள். இவர்களுடைய தடித்த கோப்பைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். பாஸ்போட்டில் ஒரு முத்திரை குத்தினாள். அதில் முடிகிற தேதி இல்லை. இனி நிரந்தரம், வருசா வருசம் அலைய வேண்டாம் என்றாள்.

இஞ்ஞாசிக்கு நம்பிக்கை வரவில்லை. “இவங்கள ஒண்ணும் கேக்கலீங்களே?”

“இனி அவங்களைக் கேக்கத் தேவையில்ல.”

சவரியம்மா வழக்கம்போல முன்னுக்கு வந்து, சீலையைச் சரிசெய்து, பதிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவள் நகர்ந்தாள்.

பஸ் குருநாகலைத் தாண்டுகிற வரைக்கும் இஞ்ஞாசிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகுதான் உறைத்தது. போ என்று இனி யாரும் சொல்ல முடியாது. தலையில் இத்தனை வருசம் சுமந்த கொழுந்துக் கூடையை யாரோ பின்னால் இருந்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. சந்தோசத்தில் மூச்சு வாங்கியது. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தான், அம்மா இல்லை என்று நினைவு வந்தது, பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லத் திரும்பினான். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிற அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை, தென்னந்தோட்டம்தான்.

தோட்டத்தில் கொண்டாடினார்கள். மக்கீன் நாநா இனிப்புக்குத் தொதல் கொண்டுவந்தார். “இனிப் பயமில்ல. ஒரு எட்டு இந்தியாவுக்குப் போய் அண்ணனப் பாத்துட்டு வரலாமே,” என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். “போகத்தான் வேணும்,” என்றான் இஞ்ஞாசி, வாயில் தொதலோடு.

அதற்குப் பிறகு சவரியம்மா அவனோடு சண்டை போடவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே பிந்தி வந்தான், அவள் ஒன்றும் கேட்கவில்லை. கறியில் உப்பில்லை என்றான், மன்னிச்சுக்குங்க என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் அதுவரைக்கும் கேட்டதில்லை. விருந்தாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பார்த்தால், அவள் தகரப் பெட்டியில் அவனுடைய உடுப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள். பொத்தான் எல்லாம் தைத்து, கொலர் திருப்பி, அவனிடம் இருந்த சட்டை அத்தனையும் உள்ளே இருந்தது. மேலே கம்பளிச் சட்டையும்.

“எதுக்கு எல்லாத்தையும் வைக்கிற? போயிட்டு வர ரெண்டு சட்ட போதாதா?”

“கோத்தகிரி குளிருமாம்,” என்றாள். ஒரு சட்டையை விரித்து, திரும்ப மடித்தாள். “எத்தன நாளுக்குன்னு எனக்கு என்ன தெரியும்?”

அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளே பயமும் இருந்தது. “என்ன பேச்சு இது?”

அவள் பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். “இத்தன வருசமா கொழும்புல என்னையத்தான் கேட்டாங்க. ஒங்கள ஒருத்தரும் கேக்கல. என்னைய விட்டுப் போனா இந்தியாவுக்கு அனுப்பிருவாங்களேன்னு இருந்தீங்க. இப்ப அந்தப் பயம் இல்ல, என் தயவும் வேண்டாம். அதுனால நான் கேக்குறேன். இங்க என்னோட இருக்க ஒங்களுக்குச் சம்மதமா?”

இஞ்ஞாசி வாய் திறந்தான். அவனிடம் எப்போதும் தயாராக இருந்த பதில் ஒன்றுதான், விசாவுக்காக. அது இனிமேல் செல்லாது. அவன் உட்கார்ந்தான். இந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று எத்தனை சாமியைக் கும்பிட்டிருக்கிறான், இந்தக் காம்பராவுக்குள் இருக்க வேண்டுமா என்று ஒருநாளாவது தன்னையே கேட்டிருக்கிறானா? இப்போது கேட்டுப் பார்த்தான். அவள் அந்தப் பெட்டியை மூடிக் கையில் கொடுத்து அனுப்பினால், ரோடு வரைக்கும்கூடத் தன் கால் போகாது என்று தெரிந்தது. 

“சம்மதம்,” என்றான். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் நல்லம்மா என்னவோ ஏதோ என்று எழும்பி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் கேட்டான்: “ஒனக்கு?”

சவரியம்மா பெட்டிக்குள்ளிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். இரண்டை மட்டும் உள்ளே விட்டாள்.

“அதத்தான் வருசா வருசம் கொழும்பு வரைக்கும் வந்து சொன்னேனே. விசாவுக்குச் சொல்றேன்னா நெனச்சீங்க?”

இஞ்ஞாசி அப்படித்தான் நினைத்திருந்தான்.